உம்மா கேட்ட கேள்வி: ஆங்கில ஆசிரியை வசந்தகுமாரி அவர்களின் பணிநிறைவு நாளில் வாசித்தளித்த மடல்

அன்பும் அறிவும் அடக்கமும் ஒருங்கே அமைந்த ஆசிரியப் பெருந்தகையே! அபுதாபி முசஃபாவின் பட்டறைச் சத்தமும் பாரவண்டி இரைச்சலும் சன்னலைத் தட்டும் வகுப்பறையில், குரலை உயர்த்தாமலேயே குழந்தைகளைக் கேட்கவைத்த குணக்குன்றே! கோவையில் பிறந்து, கணவருடன் கடல் கடந்து வந்து, இருபத்தோராண்டு இப்பள்ளியின் ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பையும் எழுத்தையும் வாரி வழங்கிய வசந்தகுமாரி அவர்களே! தாங்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில், தமிழ் பேசும் ஆசிரியர்களும் அலுவலர்களுமாகிய நாங்கள் நெஞ்சம் கனக்க, கரங்கள் குவிய, இம்மடலைத் தங்கள் முன் வைக்கிறோம்.

ஆங்கிலம் கற்பித்தவருக்குத் தமிழில் மடலா என்று அவையில் எவரேனும் வியக்கலாம். அதற்கான விடையும் இம்மடலிலேயே இருக்கிறது.

தாங்கள் சிவப்பு மையால் ஒரு பிள்ளையையும் அழவைத்ததில்லை. கட்டுரையின் ஓரத்தில் ‘தவறு’ என்று எழுதாமல், ‘இங்கே நீ என்ன சொல்ல நினைத்தாய்?’ என்று எழுதிய பேருள்ளம் தங்களுடையது. தங்கள் சிறப்புகளை இப்படியே அடுக்கிக்கொண்டு போகலாம். தாங்கள் தலையைக் குனிந்துகொண்டு கூச்சத்தில் நெளிவீர்கள். ஆதலால் தங்களை நோக்கிப் பேசுவதைச் சற்றே நிறுத்தி, பலர் அறியாத ஒரு நிகழ்ச்சியை அவையோருக்குச் சொல்கிறோம். தாங்களும் யாரோ ஒருவருடைய கதையைப் போலக் கேட்டருள வேண்டும்.

பெருந்தொற்று அடங்கி, பிள்ளைகள் திரைக்கு முன்னிருந்து மறுபடி வகுப்புக்கு வந்த ஆண்டு அது. ஒரு பக்கத்தைச் சேர்ந்தாற்போல் வாசிக்கப் பல பிள்ளைகளுக்குப் பொறுமையில்லை. நிர்வாகம் ஓர் ஏற்பாடு செய்தது: ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் தினமும் ஆங்கிலக் கதைப்புத்தகத்தில் ஓர் அத்தியாயம் வாசிக்க வேண்டும், வாசித்ததற்குச் சான்றாகப் பெற்றோர் ஓர் அட்டையில் கையெழுத்திட வேண்டும், கையெழுத்துக்கு மதிப்பெண் உண்டு. வசந்தகுமாரி டீச்சரின் ஏழாம் வகுப்பில் எல்லா அட்டைகளும் நிரம்பி வந்தன. இஃப்பத் என்ற மாணவியின் அட்டை மட்டும் வெறுமையாகவே வந்தது. விதிப்படி டீச்சர் சுழியம் போட்டார். வீட்டுக்கும் தகவல் அனுப்பினார்.

மறுநாளே இஃப்பத்தின் தாயார் அஸ்மத் பீவி வந்துவிட்டார். காயல்பட்டினத்துக்காரர். கணவர் ஃபாரூக், பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி உதிரிபாகக் கடை வைத்திருப்பவர்.

“மேம், எம்புள்ள தெனமும் வாசிக்கிறா. காதால கேக்கேன். ஆனா அவ என்ன வாசிக்கிறான்னு எனக்கு வெளங்காதே. வெளங்காததுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போட?”

“அதப் பெரிசா எடுத்துக்காதீங்கம்மா,” என்றார் டீச்சர். “சும்மா ஒரு கையெழுத்துத்தானுங்க. எல்லாரும் போட்டுத் தர்றாங்க.”

பக்கத்தில் நின்ற இஃப்பத்தின் முகம் சிவந்துவிட்டது. “உம்மா, ப்ளீஸ்! ஜஸ்ட் சைன் பண்ணுங்க.”

அஸ்மத் பீவி மகளைப் பார்க்கவில்லை. “மத்தவங்க போடட்டும் மேம். புள்ளைய முன்னால வச்சிக்கிட்டு நானே பொய்க்குக் கையெழுத்துப் போட்டா, நாளைக்கி அவ ஒரு பொய் சொல்லும்போது எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கண்டிப்பேன்?”

டீச்சருக்குச் சுருக்கென்றது. நிரம்பி வந்த அட்டைகளில் எத்தனை உண்மை, எத்தனை பொய் என்று தனக்குத் தெரியாது என்பதும், தெரிந்துகொள்ளத் தான் முயலவே இல்லை என்பதும் அந்தக் கணத்தில் அவருக்கு உறைத்தன. “நீங்க தமிழ் வாசிப்பீங்களாம்மா?” என்று கேட்டார்.

“நல்லா வாசிப்பேன். எழுதுவேன். பன்னெண்டாவது முடிச்சவதான்.”

“அப்ப இப்படிச் செய்யலாமுங்க. இஃப்பத் இங்கிலீஷ்ல வாசிக்கட்டும். வாசிச்சத உங்களுக்குத் தமிழ்ல சொல்லட்டும். உங்களுக்கு என்ன வெளங்குச்சோ அத ரெண்டு வரி எழுதுங்க. கூடவே ஒரு கேள்வியும் எழுதுங்க. அந்தக் கேள்விக்கு அவ இங்கிலீஷ்ல பதில் எழுதிட்டு வரட்டும்.”

முதல் வாரக் கதையில், தீவொன்றில் வளர்ந்த சிறுமி ஒருத்தி படிப்பதற்காகப் படகேறிப் போகிறாள். அஸ்மத் பீவியின் கேள்வி இது: “அந்தப் புள்ள படகுல ஏறும்போது அவ உம்மா அழுதாளா? அத ஏன் கதையில எழுதல?”

கதையில் இல்லாததை எழுதச் சொன்னால் எப்படி என்று முணுமுணுத்துக்கொண்டே இஃப்பத் ஒரு பக்கம் எழுதிவந்தாள். ‘கரையில் அவள் அழவில்லை. வீட்டுக்குப் போய், பழக்கத்தில் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். அப்போதுதான் அழுதாள்.’ ஆங்கிலத்தில் அவள் எழுதியிருந்ததன் பொருள் இது. அதுவரை நாலு வரிக்கு மேல் எழுதாத பிள்ளை! டீச்சர் ஆசிரியர் அறையில் நின்றபடியே அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்த மாதத்துக்குள் வகுப்பு முழுவதற்கும் அதுவே வீட்டுப்பாடமாயிற்று. மலையாளத்தில், உருதுவில், வங்காளத்தில் கேள்விகள் வந்தன. டீச்சருக்குத் தெரியாத மொழிகளைப் பிள்ளைகளே ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தார்கள். கையெழுத்து அட்டையை அவர் அடியோடு விட்டுவிட்டார்.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. பள்ளிகளுக்குத் தரம் வழங்கும் ஆய்வுக்குழு வரப்போகிறது என்ற செய்தி வந்ததும், அப்போதைய மேற்பார்வையாளர் சேதுபதி சார் பிள்ளைகளின் கோப்புகளைப் புரட்டிப் பார்த்துத் திகைத்துப்போனார்.

“என்ன மேம் இது? இங்கிலீஷ் ஃபைல்ல தமிழும் உருதுவும்! நம்ம ரேட்டிங் என்ன ஆகும்? இதையெல்லாம் எடுத்துட்டு, பழைய கார்டுலயே எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி வச்சிடுங்க. பழைய தேதியே போட்டுக்கலாம்.”

“போட மாட்டேன்னு சொன்ன அம்மாகிட்ட நான் எப்படிங்க சார் வாங்குவேன்?”

“அப்ப உங்க ரினியூவல் பத்தியும் எங்கிட்ட வந்து கேக்காதீங்க.”

அது வெறும் மிரட்டலாகவும் இருந்திருக்கலாம். ஆனால் டீச்சரின் ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடிவதாக இருந்தது. அவர் கணவர் கோபாலசாமி அவர்களுக்கு அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆட்குறைப்பில் வேலை போயிருந்தது. குடும்பம் முழுவதும் டீச்சரின் விசாவில்தான் இருந்தது. மகளுக்கு அது பன்னிரண்டாம் வகுப்பு. நடுவில் ஊருக்கு அனுப்பவும் முடியாது.

அன்று மாலை வீட்டில் நடந்ததைக் கோபாலசாமி அவர்களே எங்களிடம் சொன்னார். டீச்சர் நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, “பயமா இருக்குதுங்க,” என்றாராம். ஊருக்கே திரும்பிவிடுவது பற்றியும், மகளின் தேர்வு பற்றியும் இருவரும் நெடுநேரம் பேசினார்கள். கடைசியில் கோபாலசாமி அவர்கள், “பயம் போகட்டும்னு காத்திருந்தா ஒண்ணும் நடக்காது, வசந்தா. பயந்துக்கிட்டே செஞ்சிரு,” என்றாராம்.

ஆய்வு நாளில் கோப்புகள் இருந்தபடியே மேசையில் இருந்தன. குழுவில் வந்த அம்மையார் ஒருவர், பல மொழிகளில் எழுதியிருந்ததைப் பார்த்துப் புருவம் சுருக்கினார். சேதுபதி சார் விளக்கம் சொல்ல முன்வந்தார். அம்மையார் கையமர்த்திவிட்டு இஃப்பத்தின் அருகில் போய் உட்கார்ந்தார். கடைசியாக வாசித்த கதையைச் சொல்லச் சொன்னார். இஃப்பத் சொன்னாள். நடுவில் கேள்வி கேட்டார். அதற்கும் தயங்காமல் பதில் சொன்னாள். “இதையெல்லாம் எப்படி யோசித்தாய்?” என்று அவர் கேட்டபோது, “எங்க உம்மா இதைவிடக் கஷ்டமா கேப்பாங்க,” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வகுப்பே சிரித்தது. அம்மையார் சிரிக்கவில்லை, கோப்பைத் திரும்ப எடுத்து, முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.

அதனால் பள்ளியின் தரம் ஒன்றும் உயர்ந்துவிடவில்லை. ஆய்வறிக்கையில் இந்த வகுப்பைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: பிள்ளைகள் வாசித்ததைப் பற்றி உண்மையாகவே சிந்திக்கிறார்கள் என்று. டீச்சரின் ஒப்பந்தம் பல வாரக் காத்திருப்புக்குப் பிறகுதான் கைக்கு வந்தது. அதுவும் இரண்டு ஆண்டுக்குப் பதில் ஓராண்டுக்கு. எட்டாம் வகுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் ஒரு சொல்லும் முறையிடவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு, கையெழுத்து அட்டை பள்ளியிலிருந்தே போய்விட்டது. அந்தச் செய்தியைச் சொல்ல வந்த சேதுபதி சார், வருத்தம் தெரிவிக்கவில்லை. ஆனால், “அந்தக் கேள்வி எழுதுற முறைய மத்த டீச்சர்களுக்கும் சொல்லிக் கொடுத்துடுங்க மேம்,” என்று கேட்டுக்கொண்டார். டீச்சர் மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

இஃப்பத் இப்போது பதினோராம் வகுப்பில் இருக்கிறாள். வீட்டில் பெரியவர்கள் எழுதும் மொழி எதுவானாலும், அது எங்கள் பள்ளியின் ஆங்கில வகுப்புக்குள் தலைநிமிர்ந்து வருகிறது. இம்மடல் தமிழில் அமைந்ததன் காரணத்தை இப்போது அவையோர் அறிவர்.

பெருமைக்குரிய வசந்தகுமாரி அவர்களே! மறுபடி தங்களிடமே வருகிறோம். சென்ற வாரம் ஆறாம் வகுப்புக்குத் தாங்கள் ஒரு கட்டுரை கொடுத்தீர்கள். திங்கட்கிழமைதான் அதைக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். “திங்கட்கிழமை நீங்க இருக்க மாட்டீங்களே மேம்,” என்று எங்களுள் ஒருவரான இளவேனில் கேட்டபோது, “பிள்ளைங்க இருப்பாங்கல்லங்க,” என்றீர்கள்.

இத்தனை ஆண்டு இடையறாது பிறர் எழுத்தைத் திருத்திய கண்களுக்கு இனி ஓய்வு வாய்க்கட்டும்! மணியடிக்காத காலைகளும் மனத்துக்கிசைந்த புத்தகங்களும் மாறாத உடல்நலமும் தங்களுக்கு அமையட்டும்! கோபாலசாமி அவர்களோடும் மகளோடும் கோவையின் குளிர்காற்றில் நூறாண்டு வாழ்ந்து, நினைத்தபோதெல்லாம் எங்களை நினைத்தருள்க! தாங்கள் விட்டுச்செல்லும் நாற்காலியை எங்களால் நிரப்ப முடியாது. ஆயினும் திங்கட்கிழமை காலை அந்தக் கட்டுரைகள் எங்கள் மேசைக்கு வரும். ஒவ்வொன்றையும் கடைசி வரிவரை படிப்போம்.

நன்றியும் வணக்கமும் கலந்து,
தங்களோடு பணியாற்றும் பேறு பெற்ற
தமிழ் பேசும் ஆசிரியர்களும் அலுவலர்களும்,
முசஃபா, அபுதாபி.