மாங்கனி எடுக்கும் மலை

“ஹலோ… மச்சாள், கேக்குதோ?… ஓம், ஓம், இப்ப கேக்குது. உள்ளுக்கை ஏசி இரையுது, நான் பல்கனிக்கு வந்திட்டன்… சொல்லுங்கோ. அலவெர்தியோ, சியாத்துராவோ?”

வளைகுடாவில், அல் குசைஸில் ஒரு நான்காம் மாடி பல்கனி. ஈரம் காயாத படுக்கை விரிப்புகளுக்கு நடுவே நின்றாள் சிவரூபி. மறுமுனையில், குவைத்தின் மங்காஃபில், அவளுடைய கணவனின் தங்கை சிவகொழுந்து. ஒரு நேர்சரியில் ஆயாவாக இருப்பவள், விடுப்புக் கேட்பதற்காக அங்கே எல்லோரும் முதீரா என்று அழைக்கும் மேலாளர் அம்மாவின் அறை வாசலில் நின்றபடி பேசினாள்.

பெருநாள் லீவுக்கு இருவரும் மலைக்குப் போவதென்று எப்போதோ முடிவாகிவிட்டது. எந்த மலை என்பதில்தான் இழுபறி. அலவெர்தி ஆர்மீனியாவில் உள்ள பழைய செம்புச் சுரங்க ஊர். சியாத்துராவும் சுரங்க ஊர்தான், ஜோர்ஜியாவில். இரண்டையும் தேடிப் பிடித்து வைத்தவன் சிவரூபியின் கணவன் அரியரத்தினம். பெருநாள் வந்தால் மனைவியையும் தங்கையையும் எங்காவது இழுத்துக்கொண்டு போகிறவன் அவன்தான். போன வருடம் நெஞ்சுவலி என்று படுத்தவன் எழும்பவில்லை.

இன்று முடிவாகாவிட்டால் சிவகொழுந்து ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவாள். இந்தப் பெருநாள் தவறினால் அடுத்த பெருநாளும் தவறும். அண்ணனே இல்லை, அண்ணன் மனைவியோடு என்ன பேச்சு என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியும் விடும். சிவரூபியின் பயம் அதுதான். ஆனால் அவள் வாயில் வந்ததெல்லாம் அலவெர்திதான்.

“அங்கை ஆறு இருக்கு, மச்சாள். மலையைப் பிளந்துகொண்டு போகுதாம். மேலை அந்தக் காலத்துத் தேவாலயம்… ஓம், வேதக்காரற்றைதான். கும்பிட வேண்டாம், பாத்திட்டு வருவம்… குளிரோ? மலை எண்டாக் குளிரும்தானே. நீங்களும் நானும் சின்னனிலை கண்ட உயரம் ஊர்த் தண்ணித் தாங்கி. நாங்கள் மலைக்குக் குறை சொல்லுறமோ…”

சிவகொழுந்து அசையவில்லை. சியாத்துரா என்றால் சியாத்துராதான். அங்கே சுரங்கத்துக்குப் போகிறவர்கள் கம்பியில் தொங்கும் பெட்டிகளில்தான் பள்ளத்தைக் கடந்தார்கள், நாமும் ஏறவேண்டி வரும் என்று சிவரூபி பயமுறுத்திப் பார்த்தாள். லிஃப்டில் ஏறுவதற்கே பிள்ளையாரைக் கூப்பிடுகிறவள் அதற்கும் மசியவில்லை.

“கண்ணை மூடிக்கொண்டு ஏறுவியளோ… அப்பிடி என்னதான் கிடக்கு அங்கை?… என்ன?… திருப்பிச் சொல்லுங்கோ… மாம்பழமோ?”

முகத்தில் அடித்த விரிப்பை விலக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“பொறுங்கோ. அந்தக் குளிருக்கை மாமரம் நிக்குமோ?… ஆர் சொன்னது?… அவரோ? எப்ப?…”

கேட்கக் கேட்க விளங்கிவிட்டது. மாங்கனீசு எடுக்கும் மலை என்று எதையோ பார்த்து அரியரத்தினம் தங்கைக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியிருக்கிறான். சிவகொழுந்து கடைசி எழுத்தைக் காற்றில் விட்டுவிட்டு, மாங்கனி எடுக்கும் மலை என்று பிடித்துக்கொண்டாள். அவன் திருத்தவில்லை, அப்படியொன்று கையில் கிடைத்தால் திருத்துகிற ஆளா அவன். வெள்ளைக்கொழும்பானா கறுத்தக்கொழும்பானா, எந்தச் சாதி மாம்பழம் என்று தங்கை விசாரிக்க, நிறம் கறுப்புத்தான் என்று சத்தியம் பண்ணியிருக்கிறான். அதில் பொய்யும் இல்லை.

“மச்சாள், அது மாங்கனி இல்லை. மாங்கனீசு… கடைசியிலை ஒரு ‘சு’ இருக்கு. இரும்போடை சேக்கிற சாமான். கல்லு… ஓம்… ஓம், கல்லுத்தான்… இல்லை, கடிக்கேலாது.”

மறுமுனையில் ஏதோ சத்தம்.

“மச்சாள்?… சிரிக்கிறியளோ, அழுகிறியளோ? ஏதாவது ஒண்டைச் செய்யுங்கோ, எனக்கு விளங்கேல்லை… ரெண்டுமோ. சரி… ஓம், மனுசன் செத்தும் பகிடி விடுறார்… நானும்தான். இஞ்சை பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாக்கிறா.”

சிரிப்பு அடங்கியதும் சிவகொழுந்து, மாம்பழம் இல்லாத ஊருக்கு ஏன் அந்தரத்தில் தொங்க வேண்டும், அலவெர்திக்கே போவோம் என்று இறங்கி வந்தாள். அதற்குள் சிவரூபி மாறிவிட்டிருந்தாள்.

“இல்லை, எனக்கு இப்ப சியாத்துராதான் வேணும்… அந்தக் கல்லை ஒருக்கால் பாக்கவேணும்… விசர்தான். உங்கடை அண்ணாவைக் கட்டினன் எல்லே… அப்ப சரியோ? சியாத்துரா?… சரி, ஓம், ஓம்… ஆர் உங்கை கதைக்கிறது?”

முதீரா கதவைத் திறந்து வெளியே வந்திருந்தாள்.

“என்ன கேக்கிறா?… ஆரோடை போறது எண்டோ. சொல்லுங்கோவன்… மச்சாளுக்கு அரபியிலை என்ன சொல்லோ? எனக்கெங்கை தெரியும்… அண்ணான்ரை மனுசி எண்டு சொன்னா, அண்ணா வரேல்லையோ எண்டு கேப்பா…”

அந்தக் கேள்விக்குக் குவைத்தில் அந்தக் கதவருகே நின்று சிவகொழுந்து பதில் சொல்ல வேண்டி வரும். சிவரூபி பல்கனிக் கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

“உக்தி எண்டு சொல்லுங்கோ… ஓம், சகோதரி… பொய்யோ? ஏன் பொய்? அவர் போயிட்டார், நாங்கள் ரெண்டு பேரும் இருக்கிறம்தானே… கெதியாச் சொல்லுங்கோ, அவ போயிடுவா.”

கைபேசி துணியில் உரசியது. தூரத்தில் சிவகொழுந்து தொண்டையைச் செருமினாள். பிறகு அந்தச் சொல் இரண்டு தரம் கேட்டது. முதல் தரம் வாய்க்குள்; மற்றத் தரம் முதீராவுக்குக் கேட்கும்படி.

“ஹலோ… ஓம், கேட்டது… லீவு தந்தாவோ? ரெண்டு நாள் கூடவோ?… அப்ப, தங்கச்சி, டிக்கெட்டை நான் போடுறன். நீ பேசாமல் வெளிக்கிட்டு வா… ஹலோ?… ஹலோ…”

லைன் அறுந்துவிட்டது.