எட்டுப் பேரும் ஒரு கல்லும்

— ஏனுங்க, வந்ததும் வராததுமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டா எப்புடி? வெள்ளைக்கல் கம்பெனியில வேலை உண்டா, இல்லையா?

— சொல்றேன் அங்காளா. மொதல்ல சொம்புல தண்ணி கொண்டா.

— இந்தாங்க. அணை வேலை முடிஞ்சு மாசமாச்சு. கோயமுத்தூரு மில்லுன்னா உள்ளே சொந்தக்காரன் இருக்கோணும்கிறாங்க. கோலாருன்னா பூமிக்கு அடியில எறங்கோணும். கங்காணி தேயிலைக் காட்டுக்குக் கூப்புடறான், அது கடலைத் தாண்டி. பக்கத்துல இருக்கறது சேலத்து வெள்ளைக்கல் ஒண்ணுதானுங்க.

— ரயில்ல நம்ம கேங்குப் பெரியசாமியும் அதைத்தான் சொல்லிக்கிட்டு வந்தான். மேட்டூரு அணைக்குக் கல்லுத் தூக்குன கேங்குன்னு நெஞ்ச நிமித்திச் சொன்னேன். மேஸ்திரி எந்திரிச்சே நின்னுட்டாரு.

— நிக்கோணுமல்லோ. அப்பறம்?

— ஒரு கல்லக் காட்டி, வண்டியில ஏத்துங்கன்னாரு. எட்டுப் பேரும் கடப்பாரை போட்டோம். அசையல.

— அணையில அதைவிட ரெட்டைக் கல்லத் தூக்குன கையிங்களா அது?

— ஒருத்தன் நெம்பறப்ப இன்னொருத்தன் மூச்சு வாங்கறான். சேந்து தூக்கறதுக்குப் பெரியசாமி பாட்டுக் குரல் குடுத்துப் பாத்தான், கழுதை கத்துனாப்புல இருந்துச்சு. 'ஏம்ப்பா சென்றாயா, இதுதான் மேட்டூரு பலமா'ன்னு மேஸ்திரி சிரிச்சாரு.

— காலையில நானும் வாரேன்னு சொன்னேன். அணையில இத்தன வருசமா எங்குரலுக்குத்தான் தூக்குனீங்க. புது எடத்துல பொண்டாட்டி பாட்டுக்குக் கல்லுத் தூக்குனா சிரிப்பாங்கன்னு உட்டுட்டுப் போனீங்க. இப்பச் சிரிக்காமயா உட்டாங்க?

— போதும், குத்தாத. உள்ளதச் சொல்லிப்போட்டேன், குரல் குடுக்கறது எம்பொண்டாட்டி, ஊட்டுல இருக்கறான்னு. நாளைக்கு அந்தம்மாளோட வாங்க, கல்லு ஏறுனா அத்தன பேருக்கும் வேலை, அந்தம்மாளுக்கும் ஆள்கூலின்னாரு.

— வாரேன். ஆனா உங்க பேருல இருக்கற கேங்குக்கு நான் குரல் குடுக்க மாட்டேனுங்க. அந்தப் பேரு கெட்டுப்போயிருமின்னுதான என்னைய ஊட்டுல குந்த வெச்சீங்க.

— அந்தப் பேரு இப்ப இல்ல புள்ள. பொறப்படறப்ப, நாளைக்கு யாரு கேங்குன்னு கூப்புடறதுன்னு மேஸ்திரி கேட்டாரு. அங்காளம்மா கேங்குன்னு எட்டுப் பேரும் ஒரே வாயாச் சொன்னோம். நீ குரல் குடுக்காம இன்னிக்கு நாங்க ஒண்ணாச் செஞ்சது அது ஒண்ணுதான்.