சாப்டாச்சுக்கா

டின்ல அடைச்ச பச்சைப் பட்டாணிய யாரும் ஆசைப்பட்டு எடுக்க மாட்டாங்க மேடம். வருஷக்கணக்கா பாக்கறேன். எல்லாம் காலியானாலும் ஷெல்ஃபுல அது மட்டும் உக்காந்திருக்கும், பொண்ணு பாக்க வந்துட்டு பதில் சொல்லாமப் போன வீட்டுக்காரங்களுக்காகக் காத்திருக்கிற மாதிரி. அதுக்கு அடுத்தபடியா தங்கறது ஒத்தை சாக்ஸ். ஒத்தை சாக்ஸைத் துவைச்சு மடிச்சு வேற கொண்டாந்து வெக்கிறாங்க. இன்னொண்ணு வேற யார் வீட்டுலயோ ஏங்கிக்கிட்டு இருக்கும்னு நினைப்பு போல.

நீங்க சைக்கிளைப் பத்திக் கேட்டீங்க. வரேன். வரிசையா சொன்னாத்தான் சரியா வரும். நடுவுல இருந்து சொன்னா என்னைக் கெட்டவளா நினைச்சிருவீங்க. காலேஜ் உங்களை விசாரிக்க அனுப்பியிருக்கு, நீங்களும் பாவம் காலைலேந்து பேசிக்கிட்டே இருக்கீங்க. டீ ஆறுது, குடிங்க.

எங்க ரூமுக்கு போர்டுல பெரிய பேரு எழுதியிருக்கும். அதை யாரும் சொல்றதில்ல. எல்லாருக்கும் டப்பா ரூம், நான் டப்பாக்கா. லைப்ரரிக்குக் கீழ, துணி துவைக்கிற மெஷினுங்க இருக்கிற ரூமுக்கு அடுத்தது. மெஷின் ஓடுறப்ப எங்க சுவரு சூடாகும். புள்ளைங்க முதுகை அதுல சாச்சுக்கிட்டு உக்காந்து சாப்பிடும். ஒரு பக்கம் சாப்பாட்டுச் சாமான். கையில காசில்லாத புள்ளைங்க யாரு வேணா எடுத்துக்கலாம், ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வி கிடையாது. இன்னொரு பக்கம் மாத்து மூலை. துணி, லைட்டு, கெட்டில், சைக்கிள்னு உங்களுக்கு வேணாங்கிறதை வெச்சுட்டு வேணுங்கிறதை எடுத்துக்கலாம். வெக்க ஒண்ணும் இல்லையா, சும்மாவே எடுத்துக்கலாம்.

ப்ரொஃபசருங்களும் வருவாங்க. டயட் ஆரம்பிச்ச அன்னிக்கு ஒரு பை நிறைய பிஸ்கட் கொண்டாந்து வெச்சுட்டு, ஊருக்கே சோறு போட்ட முகத்தோட போவாங்க. அந்த வாரமே "சும்மா எட்டிப் பாத்தேன்மா"ன்னு வந்து, அதே பையில இருந்து ஒரு பாக்கெட்டைக் கோட்டுக்குள்ள சொருகிக்கிட்டுப் போவாங்க. நான் பாக்காத மாதிரி இருந்துக்குவேன். பசிக்கு எந்தப் படிப்பும் கிடையாது.

நான் செய்யறது ஒண்ணே ஒண்ணுதான். உள்ள வர்ற ஒவ்வொரு புள்ளையையும் "சாப்டியா?"ன்னு கேட்பேன். "இல்லக்கா"ன்னு சொல்லும். அந்த "இல்லக்கா" இருக்கே, அதைக் கேட்டாத்தான் எனக்கு நாள் ஆரம்பிக்கும். ஊர்ல இருக்கிற எங்க வீட்டுலேந்தும் போன் வரும், இல்லன்னு சொல்லல. அங்க மணி என்னன்னு கேட்பாங்க, இங்க மணி என்னன்னு சொல்லுவாங்க, வெச்சிடுவாங்க.

நெட்டையன்னு ஒருத்தன் இருந்தான். கதவு நிலைல தலையை இடிச்சுக்கிட்டுத்தான் உள்ள வருவான், நிலைகிட்ட மன்னிப்பும் கேட்பான். சுவத்துல சாஞ்சு நூடுல்ஸைச் சாப்பிட்டுக்கிட்டே அவங்கம்மா கதை, அவன் காதலிக்கிற பொண்ணு கதை எல்லாம் சொல்லுவான். அந்தப் பொண்ணுக்கு அவன் காதலிக்கிறது தெரியாது, எனக்குத்தான் தெரியும். ஒரு நாள் வேலைக்கு இன்டர்வியூன்னு மாத்து மூலைல இருந்து கறுப்பு பேன்ட் எடுத்தான். "குடுறா, அயர்ன் பண்ணி வெக்கிறேன்"னு வாங்கினேன். அயர்ன் பண்ணேன். பின்பக்கத் தையலையும் கொஞ்சம் தளர்த்தினேன்.

கீழ விழுந்த பேனாவை எடுத்துக் குடுக்கக் குனிஞ்சானாம். அங்க இருந்த பெரிய மனுஷங்க எல்லாரும் ஜன்னலைப் பாத்தாங்களாம். மறுநாள் வந்து சிரிச்சான், அப்பறம் அழுதான், அப்பறம் ரெண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டான். அவ்வளவு மனசு விட்டு அவன் பேசி நான் கேட்டதே இல்ல. ஒரு தையல்ல என்ன வந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க.

வேலைக்குப் போற புள்ளைங்க ஒழுங்கா சாப்பிடறதில்ல மேடம், அதைப் புரிஞ்சுக்கணும். நின்னுக்கிட்டே ஒரு பன்னைக் கடிச்சுக்கிட்டு ஓடும். எதிர்ல பாத்தா "அக்கா, லேட்டாச்சு"ன்னு கையாட்டும். டப்பா ரூம்ல இருந்தவரைக்கும் அதுங்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு, பேச ஒரு ஆளு. அதை விட்டுட்டு ஓடி என்னத்தைக் கண்டாங்க?

சோடாபுட்டிப் பையனுக்கு பேக்கரில விடியகாலை வேலை கிடைச்சுச்சு. போன் உடைஞ்சு போச்சு, எழுந்திரிக்க அலாரம் கடிகாரம் வேணும்னு வந்தான். மூலைல ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு சரியா ஓடும், இன்னொண்ணு ஓடும்போதே தூங்கிடும். தூங்குறதைக் குடுத்தேன். அவனும் தூங்கினான். முதலாளி துரத்திட்டாரு. திரும்பி வந்தப்ப அவனுக்குக் கோவமெல்லாம் கடிகாரத்து மேல. நானும் சேந்து அதைத் திட்டினேன்.

இன்னொருத்தி கேன்டீன்ல பாத்திரம் கழுவப் போனா. அவளுக்கு இருமல் இருக்குன்னு கேன்டீன்காரர்கிட்ட பேச்சுவாக்குல சொல்லி வெச்சேன். பொய் இல்ல. இருமினா. ஒரு தடவை.

எல்லாத்தையும் சொல்லணுமா? வேணாம், உங்களுக்கும் வேலை இருக்கும். சுருட்டைக்கு வரேன்.

சுருட்டைன்னா தலைமுடிக்காக வெச்ச பேரு. சீப்பு உள்ள போனா சாட்சி சொல்லக்கூடத் திரும்பி வராது. முதல் நாள் வந்தா. வழக்கம்போல "சாப்டியா?"ன்னு கேட்டேன். "இல்லக்கா. நீங்க சாப்டீங்களா?"ன்னா.

மேடம், அந்த ரூம்ல எத்தனையோ புள்ளைங்க வந்து போயிருக்கு. யாரும் என்னைத் திருப்பிக் கேட்டதில்ல. பட்டாணி டப்பாவைத் தொடைக்க ஆரம்பிச்சுட்டேன்.

அதுலேந்து தினமும் வருவா. கிளாஸ் முடிஞ்சா நேரா இங்கதான். துணியெல்லாம் பிரிச்சு வெப்பா. வாய் சும்மா இருக்காது. "அக்கா, இந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு வெளிய போனா குளிரே பயந்து ஓடிரும்." "இந்த கெட்டிலைக் குடுத்தவங்களுக்கு நம்ம மேல என்னக்கா கோவம்?" சாப்பிடறப்ப எனக்கும் ஒரு கிண்ணம் வெச்சுட்டுத்தான் ஸ்பூனை எடுப்பா. "என்னடி எனக்குப் போய் பரிமாறிக்கிட்டு?"ன்னா, "வயசானவங்க முதல்ல"ம்பா. போடி கழுதைன்னுவேன். பெத்த பொண்ணு இருந்தா இப்படித்தான் வாயாடியிருக்கும்னு நினைச்சுக்குவேன்.

அவளுக்கு நம்ம காலேஜ் மலைக்குக் கீழ ஒரு லேப்ல வேலை கிடைச்சுச்சு. சாயங்கால வேலை. நல்லபடியா செஞ்சா, படிப்பு முடிஞ்சதும் வேற ஊர்ல இருக்கிற அவங்க பெரிய லேப்புக்கே கூட்டிக்குவாங்களாம், தங்க ரூமோட. குதிச்சுக்கிட்டு வந்து சொன்னா. நான் பேன்ட் அயர்ன் பண்றேன்னு சொல்லிப் பாத்தேன். இன்டர்வியூ எல்லாம் முடிஞ்சு போச்சாம். என்கிட்ட சொல்லவே இல்ல. "கிடைக்கலைன்னா உங்களுக்கு வருத்தமா இருக்கும்ல, அதான்க்கா"ன்னா.

வேலைல சேந்த கொஞ்ச நாள்ல, ஒரு ராத்திரி லேப் முடிஞ்சு வந்தா. "சாப்டியாடி?"ன்னு கேட்டேன்.

"சாப்டாச்சுக்கா. லேப்லயே குடுத்துட்டாங்க. இனிமே என் பங்கை வேற யாருக்காவது குடுங்க."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. நானும் சிரிச்சேன். "சாப்டாச்சுக்கா"ன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாது மேடம், உங்களுக்கு அதைக் கேக்க வேண்டி வந்ததில்ல. கதவை மூஞ்சில சாத்தறதை மரியாதையா செய்யறது அது.

அன்னிக்கே சைக்கிள் கேட்டா. நடந்து போனா லேட்டாகுதாம். மூலைல நீலக்கலர்ல ஒண்ணு நின்னுச்சு. "எடுத்துக்கோ, நாளைக்கு வா, சரி பண்ணி வெக்கிறேன்"னேன். சைக்கிளுங்களை நான்தான் சரி பண்ணுவேன், ஸ்பேனர் என் மேஜை டிராயர்லயே இருக்கும். காத்தடிச்சேன். செயினுக்கு எண்ணெய் விட்டேன். சீட்டு கிழிஞ்சிருந்துச்சு, என் பழைய துண்டைச் சுத்தித் தைச்சேன். உக்காந்தா உறுத்தக் கூடாதுல்ல.

பிரேக் ஒயரைப் பிடிக்கிற நட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். லேசாப் பிடிச்சா பிடிக்கும். அழுத்திப் பிடிச்சா ஒயர் நழுவிடும். மறுநாள் அவ வந்து ரூம்லயே பிரேக்கைப் பிடிச்சுப் பாத்தா, சைக்கிள் நின்னுச்சு. "பிரேக் எல்லாம் பாத்துட்டீங்கல்ல அக்கா?"ன்னு கேட்டா. "பாத்துட்டேன்டி"ன்னேன். நிஜமாவே பாத்திருந்தேன்.

காலேஜ் கேட்டைத் தாண்டினா ரோடு எப்படி இறங்குதுன்னு நீங்களும் வந்தப்ப பாத்திருப்பீங்க. கீழ மெயின் ரோட்டுல பால் வண்டி. டிரைவர் மேல தப்பில்ல, அதையும் எழுதிக்கோங்க. நல்ல மனுஷன். ஆஸ்பத்திரி வராண்டால உக்காந்து சின்னப் புள்ள மாதிரி அழுதாரு. அவருக்குக் கூட ஒரு பிஸ்கட் பாக்கெட் குடுத்தேன்.

நான் பின் பிரேக்கைத்தான் தளர்த்தினேன். சரிவுல கொஞ்சம் பயந்து, இறங்கித் தள்ளிக்கிட்டுப் போவா, லேட்டாகும், லேப்ல ரெண்டு வார்த்தை திட்டுவாங்க, நம்ம ரூமே தேவலாம்னு தோணும். அவ்வளவுதான் கணக்கு.

என்ன? முன் பிரேக்கா?

சரி. மெக்கானிக் பாத்துட்டாரா. அப்ப மறைச்சு என்ன ஆகப்போகுது. ஆமா, முன் பிரேக்கையும் நான்தான் தளர்த்தினேன். ஒண்ணை மட்டும் தளர்த்தினா அவ எப்படியோ போய்ச் சேந்திருவாளே மேடம். கெட்டிக்காரி அவ.

உயிருக்கு ஒண்ணும் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரு. இடுப்பு, ஒரு கால், அப்பறம் தாடை. கால் பழைய மாதிரி வராதாம். அதுக்கென்ன, டப்பா ரூம்ல உக்காந்து செய்யற வேலை எவ்வளவு இருக்கு. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க, இப்போதைக்குப் பேச முடியாது. குழாய் வெச்சு சூப்தான் குடிக்கணும். லேப்ல இருந்து ஒரு ஆளு எட்டிப் பாக்கல, பாத்தீங்களா? பூங்கொத்து ஒண்ணு அனுப்பியிருந்தாங்க. பூவைச் சாப்பிட முடியுமா? நான்தான் தினமும் சூப் காச்சி, வடிகட்டி, ஆற வெச்சு எடுத்துக்கிட்டுப் போறேன். கேட்டுக்கோங்க, ஒரு நாள் தவறினதில்ல. என்கிட்ட வந்த ஒரு புள்ளையையும் நான் பட்டினி போட்டதில்ல.

நேத்தும் போனேன். கட்டில் பக்கத்துல ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து, தலைமுடியை ஒதுக்கி விட்டேன். "சாப்டியாடி?"ன்னு கேட்டேன். கண்ணு ரெண்டும் தண்ணியா என்னையே பாத்தா. அப்பறம் கையைத் தூக்கறதுக்கே கஷ்டப்பட்டு, மெல்லத் தூக்கி, கதவைக் காட்டினா. இன்னொரு தடவையும் காட்டினா.

குளிர்காத்து உள்ள வருது போல, பாவம். எழுந்து போய்க் கதவைச் சாத்திட்டு வந்து உக்காந்துக்கிட்டேன்.