அக்னெஸ் அக்காவின் குரல்

பேச்சைப் பதிவுசெய்யப் போகும் வீட்டில் முதல் எதிரி குளிர்சாதனப் பெட்டி. அதன் இரைச்சல் குரலுக்கு அடியில் போய்ப் படுத்துவிடும். பிறகு பிரிக்க முடியாது. அதனால் அதை நிறுத்திவிட்டு, என் வீட்டுச் சாவியை அதற்குள் வைப்பேன். திறந்து சாவியை எடுக்கும்போது திரும்பப் போடும் நினைவு வந்துவிடும்.

கனடாவில், மொன்ட்ரியாலின் பார்க் எக்ஸ்டென்ஷனில், எங்கள் ஈழத்து ஆட்களின் நினைவுகளைச் சேகரிக்கும் திட்டத்தைப் பல வருடங்களாக நடத்துகிறேன். தேர்ந்த பதிவுகளை ஆண்டுதோறும் ஒரு மண்டபத்தில் ஒலிக்கவிடுவோம். மன்னாரைச் சேர்ந்த அக்னெஸ் அக்காவின் குரலுக்காகவே சனம் வரும். கடைசிப் போரில் காணாமற்போன மகன் டனிஸ்ரனைப் பற்றி ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பேசுவார். போன வருடம் பேசியது இது: "அவனுக்கு இப்ப தலை நரைச்சிருக்கும். தேப்பனுக்கும் வெள்ளனத்தான் நரைச்சது. வந்து நிண்டா எனக்கே ஆளை மட்டுக்கட்டேலாது, பாருங்கோ." சொல்லிவிட்டுச் சிரித்தார். மண்டபம் அழுதது.

தேவாலயத்தில் மகன் பெயரில் அவர் கொடுப்பது அவன் சுகத்துக்கான பூசைதான். இறந்தவர்களுக்கான ஆத்தும இளைப்பாற்றிப் பூசையை ஒருபோதும் கொடுத்ததில்லை.

அந்த நரைப் பேச்சுக்குச் சில வருடங்கள் முந்தி மொன்ட்ரியால்-நோரில் தேவதாசனைப் பதிவுசெய்திருந்தேன். அந்தப் போரின்போது மாத்தளனில் டனிஸ்ரனின் உடலைப் பங்கருக்குள்ளேயே வைத்து மண் மூடியவர் அவர். பதிவு முடிந்ததும் என் கையைப் பிடித்தார்.

"அண்ணை, அந்த மனுசிக்கு முன்னால எனக்கு வாய் வராது. நீங்களே இதைப் போட்டுக் காட்டிவிடுங்கோ."

"ஓம்" என்றேன்.

காட்டவில்லை. களைத்துப்போயிருந்தேன், அது பொய்யில்லை. ஆனால் பிள்ளையை இழந்த தாய்மாரின் குரல்கள் என்னிடம் நிறைய இருந்தன. காத்திருக்கும் குரல் அக்காவுடையது ஒன்றுதான்.

ஒருமுறை பதிவின் நடுவே அக்கா கேட்டார்: "தம்பி, உந்தத் தேவதாசன் ஏன் கோயிலில என்னைக் கண்டா மற்றக் கதவால போறான்? நான் என்ன, கடிக்கவே போறன்?"

கூச்சக்காரர் என்றேன். அந்த இடத்தைப் பதிவிலிருந்து வெட்டினேன்.

இந்த மாசியில் அக்கா இறந்தார். ஆஸ்பத்திரியிலும் மகனின் சுகத்துக்குப் பூசை கொடுக்கச் சொன்னாராம். அடக்க நாளில், நரையைப் பற்றிய அந்தப் பதிவைத்தான் ஒலிக்கவிட்டேன். எங்கள் மண்டபத்துக்கு ஒருநாளும் வராத தேவதாசன் அன்றுதான் அதைக் கேட்டார். கிட்ட வந்தார்.

"அண்ணை, உது அவவுக்கு விசயம் தெரிய முந்திச் சொன்னதோ?"

"ஓம்" என்றேன். அவர் முகம் தெளிந்தது.

என்னைக் கவனமில்லாதவன் என்று எவரும் சொல்ல முடியாது. போன ஒரு வீட்டிலும் குளிர்சாதனப் பெட்டியைத் திரும்பப் போட நான் மறந்ததில்லை.