ஒன்பதாம் இலக்கம்

நீர்வேலிக்கு வாக்குக் கேட்டுப் போனால் வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. ஒரு சீப்புக் கதலியாவது வாகனத்தில் ஏறிவிடும். பஞ்சலிங்கம் அண்ணைக்கு நீரிழிவு என்பதால் பழமெல்லாம் என் வீட்டுக்குத்தான் வரும். பதினாறு வருடம் அவருக்குச் செயலாளராக இருந்து கண்ட மிச்சம் என்று அதைச் சொல்லலாம்.

மூன்று தடவை பாராளுமன்றம் போனவர். மிதவாதி. கொழும்போடும் கதைப்பார், கொழும்பைத் திட்டுகிறவர்களோடும் கதைப்பார். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது. எல்லோருக்கும் ஓம் சொல்லிவிட்டு அவர் வந்துவிடுவார். பிறகு போய் ஆட்களைச் சமாளிப்பது நான்.

இந்த முறை என்னையும் வேட்பாளர் பட்டியலில் சேர்த்தார். எங்கள் தேர்தல் உங்களுக்குத் தெரியும். வாக்குச்சீட்டில் கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு அதே கட்சியில் மூன்று பேரின் இலக்கங்களுக்கு விருப்பு வாக்கு. ஆகவே எதிர்க்கட்சிக்காரனைவிடப் பக்கத்தில் நிற்கிறவனுக்குத்தான் பயப்பட வேண்டும். எனக்கு அந்தப் பயம் இருக்கவில்லை. “என்ரை நாலாம் இலக்கத்தோடை உன்ரை ஒன்பதையும் சேர்த்துத்தான் கேப்பன்” என்று சந்நிதி முருகன் வாசலில் வைத்துச் சொன்னவர்.

தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, நீர்வேலியில் தம்பிஐயா என்ற வாழைத் தோட்டக்காரர் ஒரு சின்ன அட்டையைக் காட்டினார். பாடமாக்கச் சொல்லி அண்ணை கொடுத்ததாம். நாலு, இரண்டு, ஆறு.

“ஒன்பது இல்லையோ?” என்று கேட்டேன்.

“இல்லைத் தம்பி. ஐயா இந்த மூண்டையும்தான் சொன்னவர். ஒன்பது ஆர்?”

நான் பழத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் தொண்டைமானாற்றில் கூட்டம். நான்தான் வாகனம் ஓட்டினேன், வேறு யாரும் வரவில்லை. அட்டையைப் பற்றிக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

“ரெண்டாம், ஆறாம் இலக்கக்காரரை விட்டால் அவை கோவிப்பினம் தம்பி. நீ எங்கடை ஆள்தானே, நீ கோவிக்கமாட்டாய்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வேறு யாராவது செய்திருந்தால் சண்டை பிடித்துவிட்டு மறந்திருப்பேன். இவருக்காக நான் என் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில்கூடப் பாதியில் எழுந்து போனவன். அந்த மனிதர், எனக்குக் கோபம் வராது என்று தெரிந்துகொண்டே என்னை விற்றிருக்கிறார். எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. இதை நான் மறைக்கவில்லை.

தொண்டைமானாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவருக்கு நெஞ்சு நோகத் தொடங்கியது. முன்பும் இரண்டு தடவை வந்ததுதான். நாக்குக்குக் கீழே குளிசை வைத்தால் சரியாகிவிடும். அவர் தொலைத்துவிடுவார் என்று அவருடைய மனைவி கேதீஸ்வரி அக்கா தினமும் காலையில் அதை என்னிடம்தான் தருவார். அன்றும் தந்ததாக உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அக்கா பொய் சொல்லமாட்டார்.

வாகனத்தை ஓரமாக நிறுத்தினேன். டாஷ்போர்டைத் திறந்து பார்த்தேன். இருக்கைக்குக் கீழே பார்த்தேன். துண்டுப்பிரசுரக் கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். குளிசை தன் சட்டைப் பையில் இருப்பது தெரிந்த ஒருவன் எவ்வளவு நேரம் தேடலாமோ, அவ்வளவு நேரம் தேடினேன்.

அவருக்கு நன்றாக வியர்த்திருந்தது. என் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு, “பதறாதை தம்பி, ஆறுதலாய்ப் பார்” என்றார்.

ஆறுதலாகத்தான் பார்த்தேன். அவருடைய தலை சாய்ந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். செத்தவீட்டில் நான் பேசியபோது அழாதவர்கள் இல்லை. அவருக்குப் போட இருந்தவர்கள் எனக்குப் போட்டார்கள். அரியாலையில் மட்டும் வாக்குக் கொஞ்சம் குறைந்தது.

நான் செய்தது கொலை என்று நீங்கள் எழுதினால் கையெழுத்து வைக்கிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுத வேண்டும். கடைசி மூச்சு வரைக்கும் அவர் என்னுடைய கையைத்தான் பிடித்திருந்தார். நான் கெட்டவன் என்றால் அப்படிப் பிடித்திருப்பாரா, ஐயா?