எட்டிப் பிடிக்கிற வண்டி

சாயங்காலம் நாலரை மணி. ராத்திரி இல்லை... அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் இருட்டில்தான் நடக்கும் என்று நினைப்பவர்கள் இப்போதே போய்ப் படுத்துக்கொள்ளலாம். நல்ல வெளிச்சம்தான். ஆனால் வெள்ளை வெளிச்சம். ஐப்பசி மழை விட்டு, மலை முழுக்கப் பனிமூட்டம் இறங்கியிருந்தது.

ஏற்காட்டிலிருந்து அடிவாரம் இறங்குகிற சாலை. மேலே ஏறும் பஸ் இல்லை. கீழே போகும் லாரி இல்லை. ஒரே ஒரு கார்... அதில் இரண்டு பேர்.

ஓட்டியவர் அண்ணாதுரை. ஏற்காடு ஒண்டிக்கடை ஸ்டாண்டில் டாக்சி ஓட்டியவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஐயாக்கண்ணு, என் சிநேகிதர். வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டுபவர். அவருடைய தங்கை வள்ளியின் புருஷன்தான் அண்ணாதுரை. எண்பத்தேழோ, எண்பத்தெட்டோ... அந்த வருஷம்.

கார் அவர்களுடையது இல்லை. வாங்கலாமா வேண்டாமா என்று ஓட்டிப் பார்க்க எடுத்து வந்தது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். முன்னால் நடந்ததைச் சொல்லிவிட்டு அந்தச் சாலைக்குத் திரும்பி வருகிறேன்.

அந்த வருஷம் தை மாதம் வள்ளி செத்துப்போனாள். காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தவளைச் சருகுக்குள் கிடந்த பாம்பு கணுக்காலில் கடித்துவிட்டது. எஸ்டேட் ஜீப் சேலத்துக்குப் போயிருந்தது. ஐயாக்கண்ணு ஓடிவந்து பச்சிலையை அரைத்துக் கடிவாயில் வைத்துக் கட்டினார். அதற்குள் அண்ணாதுரை தன் அம்பாசிடரோடு வந்து சேர்ந்தார். பின்சீட்டில் தங்கையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஐயாக்கண்ணு உட்கார, வண்டி இறங்கியது.

அந்த வண்டியின் பிரேக்கை நம்ப முடியாது. மலை இறங்கவேண்டுமானால் இரண்டாவது கியரில் போட்டு, எஞ்சின் பிடிமானத்தில் ஊர்ந்துதான் இறங்கவேண்டும். வேகமாக விட்டால் மூன்று பேரும் பள்ளத்தில். அண்ணாதுரை ஊர்ந்தார். கால் மரத்துப்போச்சு என்றாள் வள்ளி. அப்புறம் இடுப்பு. அப்புறம் நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. பாதி மலையில் அதுவும் நின்றுவிட்டது. சேலம் ஆஸ்பத்திரி வாசலில் தொட்டுப் பார்த்த டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார்.

அண்ணாதுரை அழவில்லை. காரியம் முடிந்ததும் மறுபடி ஸ்டாண்டுக்கு வந்தார். சவாரி வந்தால் போவார். தட்டை வைத்தால் சாப்பிடுவார். எடுத்துக்கொண்டு போனால் எழுந்துவிடுவார். ஒரு நாள் கொதிக்கிற ரேடியேட்டர் மூடியை வெறும் கையால் திறந்துவிட்டார். உள்ளங்கைத் தோல் சுருண்டு வந்துவிட்டது. அதை யாரோ ஒருத்தர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாராம். பக்கத்து டிரைவர் பதறிப்போய், "வலிக்குதுங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"வலிக்கோணுமல்ல?" என்றாராம் அண்ணாதுரை.

அப்படி இருந்த மனிதர் திடீரென்று ஒரு நாள் ஐயாக்கண்ணுவிடம் வந்து, தான் ஒரு கார் வாங்கப் போவதாகச் சொன்னார். ஒரு காலத்தில் ரேலி என்கிற கார்ப் பந்தயத்தில் ஓடிய பழைய ஃபியட். இரட்டைக் கார்புரேட்டர். கல்லுப் போல ஸ்பிரிங். கூரை நசுங்காமல் இருக்க உள்ளே இரும்புக் குழாயை வளைத்துக் கட்டியிருக்கும்.

"அது எதுக்கு மாப்ள? டூரிஸ்ட்டுக்காரன் அதுல ஏறுனா இடுப்பு ஒடிஞ்சு போயிருமே."

"எதுக்குன்னு தெரியல மச்சான். வேகமா எறங்கற வண்டியா இருக்கோணும்."

இனி யாரைக் கொண்டுபோக... என்று ஐயாக்கண்ணுவுக்கு வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. வண்டியைப் பார்த்து, ஏதாவது ஒரு குறையைச் சொல்லி, வேண்டாம் என்று திருப்பிவிடலாம் என்ற எண்ணத்தில் கூடவே போனார்.

விற்கிறவர் ஆரோக்கியசெல்வி. கான்வென்ட் சமையலறையில் வேலை பார்க்கிற அம்மாள். புருஷன் இறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. கார் அந்தப் புருஷனுடையது. ஐயாக்கண்ணு பானெட்டைத் திறந்தார், ஆயிலைத் தொட்டுப் பார்த்தார், குனிந்து அடியில் பார்த்தார். உள்ளே எட்டி மீட்டரைப் பார்த்தபோதுதான் திகைத்தார். வண்டி அவ்வளவு ஓடியிருந்தது. டாக்சிகூட அப்படி ஓடாது.

"ஏனுங்க, இத்தனை ஓடியிருக்குதே... மெட்ராஸ், பெங்களூருன்னு போவாருங்களா?"

"இல்லீங்க. இந்த மலைதானுங்க. எறங்குவாரு... ஏறுவாரு. தெனமும்."

"எதுக்குங்க?"

"நான் கேட்டதில்லீங்க."

"வண்டியில யாருக்காச்சும் ஏதாச்சும்..."

"ஒரு கீறல் கெடையாதுங்க. அவரு மஞ்சக்காமாலைல, ஊட்டுக் கட்டில்லதான் போனாரு." சாவியை அண்ணாதுரை கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நின்று பார்க்கக்கூட இல்லை.

இனி அந்தச் சாலை.

முதல் சில கொண்டை ஊசி வளைவுகள் வரைக்கும் ஐயாக்கண்ணு காதை எஞ்சினிலேயே வைத்திருந்தார். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று. கிடைக்கவில்லை. எத்தனை ஓடியும் எஞ்சின் கெட்டியாக இருந்தது. பிரேக்கைத் தொட்டால் நின்றது. இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள் பனியில் பாதி தெரிந்தன, பாதி இல்லை. பெட்ரோல் வாடை. ஈர மண் வாடை. கண்ணாடிகளை ஏற்றி மூடியிருந்தார்கள்.

அண்ணாதுரை ஹாரன் அடித்தார். எதிரே ஒன்றும் இல்லை.

மறுபடி அடித்தார். ஹெட்லைட்டை அணைத்து அணைத்துப் போட்டார்.

"ஏன் மாப்ள ஹாரன் அடிக்கறே?"

"முன்னால போற வண்டி வழி உடமாட்டேங்குது மச்சான்."

ஐயாக்கண்ணு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ரோடு காலி. தார் மேல் தண்ணீர். அதற்கப்பால் வெள்ளை.

"எந்த வண்டி?"

கியர் மாறியது. வேகம் ஏறியது. வளைவில் டயர் கத்தியது. அடுத்த வளைவு... அதற்கடுத்த வளைவு. "மெதுவா மாப்ள" என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் அந்த வாசனை வந்ததாம். பச்சிலை. இப்போதுதான் அம்மியில் அரைத்து எடுத்ததுபோல, மூக்கில் ஏறும் கசப்பு. ஐயாக்கண்ணு தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். கையில் இல்லை. காருக்குள் இருந்தது.

"கிட்ட வந்துட்டோம்" என்றார் அண்ணாதுரை. பல மாதங்களுக்குப் பிறகு அந்தக் குரலில் உயிர் இருந்தது.

அப்புறம் சத்தம். இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு இறங்குகிற எஞ்சின்... இந்தக் காருடையது இல்லை. முதலில் முன்னாலிருந்து வந்தது. அண்ணாதுரை ஸ்டீரிங்கை வலப்புறம் ஒடித்தார். இப்போது அது இடது பக்கம், ஐயாக்கண்ணுவின் கண்ணாடிக்கு வெளியே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். அண்ணாதுரை ரோட்டைப் பார்க்கவில்லை. ஐயாக்கண்ணுவின் முகத்தைத் தாண்டி அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐயாக்கண்ணுவும் திரும்பினார். வெறும் பனி.

முனகல் பின்தங்கியது. அடுத்த வளைவைத் தாண்டி அண்ணாதுரை வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தார். இரண்டு பேரும் காத்திருந்தார்கள். மேலேயிருந்து எந்த வண்டியும் இறங்கி வரவில்லை. இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. அண்ணாதுரை ஸ்டீரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். தை மாதத்திலிருந்து அழாத அழுகை. வாய்விட்டு, குழந்தை மாதிரி.

"யாரைப் பாத்தே மாப்ள?"

"நம்ம அம்பாசிடர் மச்சான். நாந்தான் ஓட்டறேன். பின்னால நீங்க... வள்ளி உங்க தோள்ல சாஞ்சிருக்கா." மூச்சு வாங்கியது அவருக்கு. "அவ என்னையப் பாக்கல. உங்களைத்தான் பாத்தா. இங்க, இந்தக் கார்ல இருக்கற உங்களை. வாய் அசைஞ்சுது... கண்ணாடி மூடியிருந்துதே, ஒண்ணும் கேக்கல."

இதை எனக்குச் சொல்லும்போது ஐயாக்கண்ணு இந்த இடத்தில் நிறுத்திவிட்டார். பிறகு சொன்னார். தை மாதம், பேச்சு நின்ற பிறகு, வள்ளி ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கி ஜன்னல் பக்கம் திரும்பினாளாம். வெளியே வெறும் ரோடு. எதையோ பார்த்தாள். உதடு அசைந்தது. அவளைத் தாங்கிப் பிடித்திருந்த அண்ணன் காதுக்கே அது எட்டவில்லை...

திரும்பி வந்ததும் அண்ணாதுரை சாவியை நீட்டினார். "எனக்கு வேண்டாமுங்க." ஆரோக்கியசெல்வி ஏன் என்று கேட்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, பழைய துணியால் காரின் ஈரத்தைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்று ராத்திரி அண்ணாதுரை அடித்துப்போட்டதுபோலத் தூங்கினார். மெல்ல மெல்லத் தேறினார். உள்ளங்கைத் தழும்பு குளிருக்கு வலிக்கிறது என்று சொல்கிற அளவுக்கு மனிதராகிவிட்டார்.

அந்தக் காரை வாங்கியது ஐயாக்கண்ணு.

அவர் பெண்டாட்டி வீராயி சண்டை போட்டார். நானும் சொல்லிப் பார்த்தேன். "நீங்கதானுங்க வேண்டாமின்னு சொல்லப் போனீங்க?"

"ஆமாங்க."

"அப்புறம் எதுக்குங்க உங்களுக்கு அந்த வண்டி?"

"எங்கிட்ட என்னமோ சொல்ல வந்தாளே..." என்றார்.

பனி இறங்குகிற சாயங்காலமெல்லாம் போவார். அடிவாரம் வரைக்கும் இறங்கிவிட்டு ஏறி வருவார். வீராயி சோறு போட்டு வைப்பார். அது ஆறி, மேலே காய்ந்துபோய், அப்படியே கிடக்கும். பிள்ளை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு ரத்தத்தோடு வந்து நின்றால், "அம்மாளைக் கூப்புடு கண்ணு" என்பார். எழுந்திருக்க மாட்டார். ஒரு நாள் அவர் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டேன்.

"தெரியறாளுங்களா?"

"தெரியறா. கிட்டப் போறேன். அவ வாயைத் தொறக்கறதுக்குள்ள வளைவு வந்துருது."

அந்தக் காரை எப்படியாவது விற்றுவிடச் சொல்லவேண்டும் என்றுதான் ஒரு சாயங்காலம் நானும் ஏறினேன். முன்பக்கம் உட்காரப் போனேன். "அங்க வேண்டாமுங்க. பின்னால உக்காருங்க" என்றார். புறப்படும் முன் குனிந்து, இடது பக்கத்து முன்கதவின் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டார். மார்கழிக் குளிர். பனி அப்படியே உள்ளே வந்தது. காது வலித்தது, பிறகு வலிப்பது நின்றது.

பேச வாயெடுக்கவில்லை. அவர் ஓட்டிய ஓட்டத்தில் என்னால் முடியவில்லை. நாலைந்து வளைவுக்கு மேல் கண்ணைத் திறந்து வைத்திருக்கவும் முடியவில்லை. இறுக மூடிக்கொண்டேன். டயர் கத்தியது. கார் வலப்புறம் ஒதுங்கியது. பச்சிலை வாசனை எதுவும் எனக்கு வரவில்லை. வேறு எஞ்சின் சத்தமும் கேட்கவில்லை. காற்றின் இரைச்சல் மட்டும்... பிறகு கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடியின் சத்தம். கிர்ர்... கிர்ர்... கிர்ர். மெதுவாக. பலம் இல்லாதவர்கள் சுற்றுவதுபோல, விட்டு விட்டு. காற்று நின்றது. காருக்குள் அமைதியாகிவிட்டது.

வேகம் குறைந்தது. அடிவாரத்தில் டீக்கடை முன்னால் நிறுத்தினார்.

அந்த நாளுக்குப் பிறகு ஐயாக்கண்ணு அந்தக் காரை எடுக்கவே இல்லை. எஸ்டேட் ஷெட்டின் கடைசியில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். இப்போது சோறு சூடாக இருக்கும்போதே சாப்பிடுகிறார். யாராவது ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டால், "சொல்லிட்டாளுங்க" என்று மட்டும் சொல்லுவார்.

என்ன சொன்னாள் என்பதை அன்றைக்கு டீக்கடையிலேயே என்னிடம் சொல்லிவிட்டார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆவியைப் பார்த்தபடி இருந்தார்.

"பெருசா ஒண்ணுமில்லீங்க. 'குளுருதுண்ணா, கண்ணாடிய ஏத்தி உடு'ன்னா. அவ்வளவுதானுங்க."

ஒரு வாய் குடித்தார். "அந்த வளைவுல என்னால ஸ்டீரிங்க உட முடியலைங்க. நல்லவேளை... நீங்க எட்டி ஏத்தி உட்டுட்டீங்க."

நான் உட்கார்ந்திருந்தது அவருக்கு நேர் பின்னால், வலது ஓரத்தில். கூரைக்கடியில் போகிற இரும்புக் குழாயை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். அடிவாரத்தில் கார் நின்ற பிறகும் விரல்கள் அதிலிருந்து பிரிய மறுத்தன. அவர்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார்.