கேட்டியில் ஒரு மாடி அறை

டெக்ஸாஸுக்குப் போனவர்கள் எல்லாம் அரண்மனையில் வாழ்கிறார்கள், கலிஃபோர்னியாவில் மாட்டிக்கொண்ட ஒரே முட்டாள் நான்தான் என்று நம்பினேன். மில்பிடாஸ் தோசைக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இருவரின் பேச்சுதான் காரணம். மூத்தவர் டெக்ஸாஸிலிருந்து வந்திருந்தார்.

“கேட்டில அஞ்சு பெட்ரூம்டா. உன் அபார்ட்மென்ட் மொத்தமும் என் கராஜுக்குள்ள போயிடும்.”

பதறிப்போய், நின்ற இடத்திலேயே போனில் டெக்ஸாஸின் கேட்டி ஊர் வீடுகளைத் தேட ஆரம்பித்தேன்.

“வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்கண்ணா. கார்த்திக்கு மாடி ரூமா?”

“அவனுக்குத்தான் இருபத்தொண்ணு ஆயிடுச்சே. எங்க க்ரீன் கார்ட் இன்னும் வரல. இனிமே எங்க விசால அவன் இங்க இருக்க முடியாதாம்.”

“அப்போ?”

“கனடா போயிட்டான். வீட்டை வித்துடலாம்னா, ‘திரும்பி வந்தா பிள்ளை எங்க படுப்பான்’ங்கறா உன் அண்ணி.”

முறை வந்ததும் இளையவர் இருவருக்கும் சேர்த்து இரண்டு மசால் தோசை சொன்னார்.